பங்குச் சாமியாருக்காக ஒரு பரலோக மந்திரம்

செபமாலை முடிந்து வெகுநேரம் ஆகியும் அருள்நாதன் முழங்காலை விட்டு எழுந்திருக்கவில்லை. முன்வரிசைக் கிழவர் எழுந்திருக்காமல் பின்னால் இருப்பவர்கள் எப்படி எழுந்திருப்பது? ஆளாளுக்குக் காலை மாற்றி ஊன்றிக்கொண்டு அவர் முதுகையே பார்த்தார்கள்.

"இன்னும் நம்ம பங்குச் சாமியாருக்காக ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறை மந்திரம்," என்றார் அவர்.

பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. ரோமாபுரியில் இருக்கிற பாப்பானவருக்கு ஒன்று, சாமியார்மாருக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்றிராணியாருக்கு ஒன்று, பங்குச் சாமியாருக்கு ஒன்று. இஞ்ஞாசியார் கோயிலில் அந்திச் செபத்தை அப்படித்தான் முடிப்பார்கள். அதற்கு மேல் யாருக்காவது வேண்டுதல் இருந்தால் சத்தமாகச் சொல்லலாம், கூட இருப்பவர்கள் சேர்ந்து செபிக்க வேண்டும். மழைக்குக் கேட்பார்கள், மகளுக்கு மாப்பிள்ளைக்குக் கேட்பார்கள், காணாமல் போன ஆட்டுக்குக்கூடக் கேட்பார்கள். பாஸ்குத் திருநாள் கழிந்ததிலிருந்து அருள்நாதன் மட்டும் பங்குச் சாமியாரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

"மாமா, அடுப்புல கஞ்சி கெடக்கு," என்றாள் சூசையம்மாள். "சாமியாரு என்ன சாகவா கெடக்காரு? மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு நல்லாத்தான இருந்தாரு."

"சாமியாருக்கு வேண்டுறதுக்குச் சடைச்சா, உனக்கு வேண்ட யாரு வருவா? முழங்கால்ல நில்லு."

அவள் நின்றாள். வேறு வழி?

வீட்டுக்குத் திரும்பும்போது ஆனந்தமேரி வாயைத் திறக்கவில்லை. தெருமுனை தாண்டியதும் திறந்தாள்.

"ஏங்க, நீங்க யாருக்கும் சும்மா வேண்டுற ஆளு இல்லியே. சாமியாருகிட்ட ஏதும் காரியம் ஆகணுமா?"

அருள்நாதன் முன்னும் பின்னும் பார்த்தார். தோல்ஷாப் வாசலில் காவல் இருந்தே நரைத்த மனிதர். நாய் குரைத்தாலும் எவன் ஏவிவிட்டான் என்று பார்ப்பவர்.

"நான் சத்தமாச் சொல்றது பாதிதான்," என்றார்.

"மீதி?"

"மீதி மனசுக்குள்ள. இந்தச் சாமியார ஆண்டவரு பெரிய எடத்துக்குத் தூக்கிவிட்டு, இந்த ஊர விட்டு அனுப்பிரணும்."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "பாவம் இல்லையா?"

"என்ன பாவம்? நல்லா இரும்னுதான வேண்டுறேன். வேற ஊர்ல நல்லா இரும்னு வேண்டுறேன்."

அவளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரே பிள்ளை சேசுராசு. அவனைச் சின்ன வயதிலேயே குருமடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவனும் ஒரு சாமியார். திருச்சிக்கு அந்தப் பக்கம் பஸ் போகாத ஒரு பட்டிக்காட்டில் பங்கு பார்க்கிறான். பிறந்த ஊருக்கு அந்த ஊர்ப் பிள்ளையைப் பங்குச் சாமியாராகப் போடமாட்டார்கள், அது வழக்கம். ஆனால் சேசுராசு பிறந்தது குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் காட்டில். அவன் குருமடம் போன பிறகுதான் மழை பொய்த்து, இவர்கள் திண்டுக்கல்லுக்குப் பிழைக்க வந்தார்கள். ஆகவே இந்த ஊருக்கு அவனைப் போடத் தடை இல்லை. தடை ஒன்றுதான், தனிஸ்லாஸ் சாமியார். அவர் போனால்தானே இடம் காலியாகும்.

போன தடவை அவன் வந்தபோது வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெரு முழுக்க வந்து முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கியது. ஆனந்தமேரியும் வரிசையில் நின்று வாங்கினாள். மகன் கை அவள் தலைமேல் இருந்தது. அவன் தலையைத் தொட அவள் கை எழும்பி, எழும்பி, மடியிலேயே விழுந்தது. உனக்கு ராத்திரி தூக்கம் வருதா, துணி யார் துவைக்கிறார்கள் என்று கேட்க நினைத்தாள். அதற்குள் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் சுவர் வெடிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாதி குடித்து வைத்த காப்பித் தம்ளரை அவள் மறுநாள் வரைக்கும் கழுவவில்லை.

"இங்க வந்தா காலைப் பூசை நம்ம சாமிதான வைக்கும்?" என்று கேட்டாள் இப்போது. பெற்ற பிள்ளையை அவள் பேர் சொல்லி வெகுகாலம் ஆயிற்று.

"பின்ன வேற யாரு வைப்பா?"

"தெனமும்?"

"தெனமும்தான்."

மறுநாள் செபத்தில், "இன்னும் நம்ம பங்குச் சாமியாருக்காக" என்று ஒரு பெண்குரல் அவருக்கு முந்தி எழும்பியது.

ஜெகபர் அலிக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. தோல்ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர், அருள்நாதனுக்குக் கூட்டாளி.

"ஏண்ணே, ஒரு ஆளை மாத்தணும்னா மேல புகார் எழுதிப்போடணும். நீங்க என்னடான்னா ஊரைக் கூட்டி வச்சுப் புகழுறீங்க. ரகம் நல்லா இருக்குன்னு சொன்ன தோலை எவன்ணே திருப்பி அனுப்புவான்?"

"அந்தாளு மேல என்ன குத்தம் எழுதுறது? மூக்குப்பொடி போடுறாருன்னா?"

"அப்ப அவரு பாட்டுக்கு இருக்கட்டும்."

"எம் பிள்ளைய நான் எப்பப் பாக்குறது? நீ சாயங்காலமான்னா உம் பிள்ளைய முதுகுல தூக்கிட்டுத் திரியிற. உனக்கு என்ன தெரியும்?"

ஜெகபர் அலி அடுத்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வாரம் முடிவதற்குள் அருள்நாதனைத் தனிஸ்லாஸ் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். மனசுக்குள் வேண்டியது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது என்று கிழவர் முடிவுகட்டிவிட்டார். மனுசரை நம்பக்கூடாது, ஆனந்தமேரியையும் சேர்த்துத்தான் என்று எண்ணிக்கொண்டே போனார்.

"தோத்திரம், சாமி."

சாமியார் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பொடி காரமாகவும் இருக்கலாம்.

"அருள்நாதா, தலை நரைக்கிற வரைக்கும் நான் ஊர் ஊராப் போயி எல்லாருக்காகவும் செபம் பண்ணிட்டேன். எனக்காக ஒருத்தன் மனசாரக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீ கேட்கிறே. இனிமே அந்திச் செபம் முழுசையும் நீயே சொல்லு. உபதேசியார்கிட்ட சொல்லிட்டேன்."

"சாமி, நான் எழுத்தறியாதவன்."

"அதனாலதான் உன் செபத்துல கள்ளம் இல்லை."

அந்தச் சொல் அருள்நாதனைக் குத்திக்கொண்டே இருந்தது. என்ன இருந்தாலும் சாமியாருடைய வாய் அல்லவா? சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலில் நின்றார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். கோபம் வந்து சாமியாரே வேறு ஊர் கேட்டுப் போய்விட்டால், அதுவும் நல்லதுக்குத்தான்.

"சாமி, செபம் பண்ணும்போது வாய் ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு சொல்லுது."

"அதுக்குப் பராக்குன்னு பேரு. எல்லாருக்கும் வர்றதுதான்."

"இல்ல சாமி, இது பராக்கு இல்ல. வேணும்னே..."

"வேணும்னு யாராவது பராக்கு வச்சுக்குவாங்களா? மனசைக் கலக்கிக்காதே. அபராதமா உன் பங்குச் சாமியாருக்காக இன்னொரு செபமாலை சொல்லு. போ."

வெளியே வந்த அருள்நாதன் பீடத்தைப் பார்த்து, "இதுக்கு நான் பொறுப்பில்ல," என்று ஆண்டவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அபராதத்தை ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் வழியை மாற்றினார். புகழ்ந்தால்தானே வம்பு? பாப்பானவர், மேற்றிராணியார் என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டு எழுந்துவிட்டார். பங்குச் சாமியாரின் பேரையே எடுக்கவில்லை. இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் சாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தெருவே அருள்நாதன் வாசலில் நின்றது. முன்னால் சூசையம்மாள்.

"நீங்க நிப்பாட்டுனீங்க, அவரு விழுந்துட்டாரு."

"பாசியில கால வச்சா விழாம என்ன செய்வாக?"

"அந்தப் பாசி மாசக்கணக்காக் கெடக்கு மாமா. இன்னைக்கு ஏன் வழுக்குச்சு?"

உள்ளுக்குள் அருள்நாதனுக்கும் கொஞ்சம் பயம்தான். கஞ்சி கெடக்கிறது என்று முணுமுணுத்தவர்களே இப்போது வீட்டில் அடுப்பு மூட்டாமல் வந்து, சாமியார் எழுந்து நடமாடுகிறவரைக்கும் அவரைச் செபம் சொல்ல வைத்தார்கள். சாமியார் எழுந்து நடமாடினார். முதல் வேலையாக ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு அருள்நாதன் வீட்டுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"உன் செபம்தான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு," என்றார்.

ஆனந்தமேரி தம்ளரை வாங்கி உடனே கழுவினாள்.

"இப்பிடி மறைச்சு மறைச்சுக் கேட்டா ஆண்டவருக்கு எப்பிடிப் புரியும்?" என்றாள் பிறகு. "நேராக் கேளுங்க. வையிற மாதிரியும் இருக்கக்கூடாது. போகவும் வைக்கணும்."

அப்படி ஒரு செபத்தைக் கண்டுபிடிக்க அருள்நாதனுக்கு ஒரு ராத்திரி பிடித்தது. மறுநாள் கணீரென்று சொன்னார்: "நம்ம பங்குச் சாமியாரு மேற்றிராணியாரா உயரணும்னு ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறை மந்திரம்."

"அப்ப இப்ப இருக்குற மேற்றிராணியாரு என்ன ஆவாரு?" என்றாள் சூசையம்மாள். "அவருக்கும் இப்பத்தான் வேண்டிக்கிட்டோம்."

"நாடு பெருசு. வேற ஊரு இல்லையா? செபத்தச் சொல்லு."

சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே பிடித்துப்போனது. நம் தெருச் சாமியார் மேற்றிராணியாரானால் நமக்கும் ஒரு கௌரவம்தானே. அருள்நாதன் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தனிஸ்லாஸ் சாமியார் கம்பை ஊன்றிக்கொண்டு பேசினார். "நீங்கள் எனக்காகக் கேட்பதை அறிந்தேன். எனக்குக் கிரீடமும் வேண்டாம், செங்கோலும் வேண்டாம். இவ்வளவு அன்புள்ள ஜனத்தை விட்டு நான் எங்கே போவேன்? என் எலும்பு இந்த மண்ணிலேதான் கிடக்கும்."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆனந்தமேரியும் துடைத்தாள். அவள் அழுததற்குக் காரணம் வேறு.

அது நயா பைசா வந்த வருசம். சந்தையில் ஆளாளுக்குச் சில்லறையை வைத்துக்கொண்டு முழித்தார்கள். சாமியார்மாரை மாற்றுகிற காலமும் வந்தது. ஒரு காலைப்பொழுதில் ஜெகபர் அலி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, உங்க சாமியாரு போறாரு. டிரங்குப் பெட்டி, படுக்கை எல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. ரயிலடிக்குப் போகுது வண்டி. நானே கண்ணால பாத்தேன்."

"பெட்டி பெருசா?"

"ரெண்டு ஆளு தூக்குனாங்க."

அருள்நாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஜெகபர் அலிக்குத் தெரியவில்லை. கையை மட்டும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பின் வந்த நாட்களில் ஆனந்தமேரியின் கால் தரையில் நிற்கவில்லை. புதுத் தம்ளர் வாங்கினாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கோயிலுக்குப் போகிற சாக்கில் சாமியார் பங்களாவின் சன்னல் எதிரே போய் நிற்பாள். கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் காற்று வரும் என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள்.

"சாமி சின்னதுல மேலுக்குப் போத்தாமப் படுக்காது," என்றாள் ஒரு நாள். "இப்ப எப்பிடின்னு தெரியல."

"வரட்டும். கேட்டுக்குவோம்," என்றார் அருள்நாதன்.

"கேக்கலாம்ல? இங்கனதான இருக்கப்போகுது. ஒரு நாளு விட்டா மறுநாளு கேட்டுக்கலாம்."

அவள் அதற்காகத்தான் ஏங்கினாள். மறந்துபோனால் மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்கிற அந்த ஒரு சுகத்துக்காக. அருள்நாதனுக்கும் அதேதான், அவர் வெளியே சொல்லமாட்டார். தோல்ஷாப் வாசலில் உட்கார்ந்து, கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் தன் பிள்ளையே கயிற்றை இழுப்பதுபோல நினைத்துக்கொண்டார். பங்குச் சாமியார் எங்கேயாவது மணிக்கயிறு இழுப்பாரா? இருக்கட்டும், நினைப்புத்தானே.

அடுத்த வாரம் ரயிலடியிலிருந்து ஒரு வண்டி வந்தது. அருள்நாதனும் ஆனந்தமேரியும் துவைத்த துணி உடுத்திக் கோயில் வாசலில் நின்றார்கள். வண்டியிலிருந்து முதலில் டிரங்குப் பெட்டி இறங்கியது. அதன் பின்னால் கம்பு. கம்பின் பின்னால் தனிஸ்லாஸ் சாமியார்.

"எனக்காகவா நிக்கிறீங்க?" என்றார் அவர்.

வருசா வருசம் சாமியார்மார் எல்லாம் திருச்சியில் கூடி, சில நாள் மௌனமும் செபமுமாக ஞானஒடுக்கம் இருப்பார்கள். அதற்குத்தான் போயிருந்தார். இந்த வருசம் இவர்கள் இருவருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. பெட்டி நிறையப் புத்தகம்.

"அங்க வந்த அத்தனை சாமியார்கிட்டயும் உன்னைப் பத்திச் சொன்னேன் அருள்நாதா. பங்குச் சாமியாருக்காக இப்படி அழுது செபிக்கிற ஒரு ஆத்துமத்தை வேற எந்தப் பங்குலயாவது காட்டுங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. மாத்தல் பட்டியலும் வந்துட்டது. என் பேரு அதுல இல்லை. நான் இங்கேயேதான்."

தெரு கூடிவிட்டது. சூசையம்மாள் எங்கிருந்தோ ஒரு மாலையைக் கொண்டுவந்து அருள்நாதன் கையில் திணித்தாள். "நீங்கதான் மாமா போடணும். உங்க செபத்துக்குக் கெடைச்ச சாமியாரு."

அருள்நாதன் மாலையைப் போட்டார். நன்றிச் செபமும் அவரே சொல்ல வேண்டியதாயிற்று. பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. எவ்வளவு பக்தி பாருங்கள் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் ஆனந்தமேரி புதுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஆண்டவரு நம்ம செபத்தக் கேக்கவே இல்லியா?" என்றாள்.

"கேக்குறவரு கேட்டிருப்பாரு. நடுவுல எவனோ தடுத்துட்டான்," என்றார் அருள்நாதன். "எவன்னு தெரிஞ்சா கால ஒடிப்பேன்."

மழை விழுந்தபின் ஒரு நாள், சேசுராசு சாமியாரின் பங்கிலிருந்து முனியப்பன் என்கிற வண்டிக்காரன் வந்தான். கோயில் கதவுக்குப் பூட்டு வாங்கத் திண்டுக்கல்லுக்கு வந்தவன், சாமியார் கொடுத்தனுப்பிய நிலக்கடலை மூட்டையை இறக்கி வைத்தான். ஆனந்தமேரி அவனை உட்கார வைத்து இலை போட்டாள்.

"சாமிக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

"வருதுங்க."

அவள் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"துணி யாரு துவைக்கிறது?"

"அவரேதாங்க."

குழம்பு ஊற்றினாள். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

"போத்திக்கிட்டுப் படுக்குமா?"

"மழைக்காலத்துல போத்திக்குவாரும்மா. போதும்மா, வயிறு வெடிச்சிரும்."

"சாப்பிடுப்பா. இன்னும் கேக்க நெறைய இருக்கு."

அருள்நாதன் சுவரில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரன் சொல்வதை அவர் எளிதில் நம்புவதில்லை. கடைசியில் அவருக்கும் பொறுக்கவில்லை.

"ஏப்பா, அந்தப் பட்டிக்காடு அவருக்கு அம்புட்டுப் புடிச்சுப்போச்சா? ஆத்தா அப்பன் இருக்குற ஊருக்கு வரணும்னு ஒரு நெனப்பு வரலையா அவருக்கு?"

முனியப்பன் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அவரையா கேக்குறீங்க பெரியவரே? ஞானஒடுக்கம் முடிஞ்ச அன்னைக்கு மேற்றிராணியாரு கூப்பிட்டு, 'திண்டுக்கல்லுக்கு நீ போ'ன்னுதான் சொன்னாரு, நான் வண்டியோட வாசல்ல நின்னு காதால கேட்டேன்; எங்க சாமிதான் அவரு கால்ல விழுந்து, 'எங்கப்பா அந்தச் சாமியாருக்காகத் தெனமும் அழுது செபம் பண்ணுறாராம், அவரை மட்டும் அங்கேருந்து எடுத்துராதீங்க, எங்கப்பா உசுரை விட்டுருவாரு'ன்னு சொல்லி நிப்பாட்டிட்டாரு."